முதல் செமஸ்டரைத் தாண்டுவது எப்படி? பொறியியல் கல்லூரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் இன்டர்னல் தேர்வின் கணித விடைத்தாள்களைத் திருத்தும் இரவு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பிளஸ் டூ கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பையன் நூற்றுக்குப் பதினெட்டு எடுத்திருப்பான். தாளைப் புரட்டினால் கேள்வி எண் அழகாக எழுதப்பட்டிருக்கும், முதல் வரி சரியாக இருக்கும், இரண்டாம் வரியில் ஒரு சொல்லை மூன்று முறை எழுதி அடித்திருப்பான். அதன்பிறகு வெற்றுத்தாள். மறுநாள் கூப்பிட்டு, "எந்த இடத்தில் புரியாமல் போயிற்று?" என்றால், "முதல் வாரத்திலிருந்தே சார்" என்பான். "அப்போதே ஏன் கேட்கவில்லை?" என்றால் பதில் வராது. தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துவது என் வேலை. சில ஆண்டுகள் விடுதியில் துணைக் காப்பாளராகவும் இருந்திருக்கிறேன். அதற்கும் முன்பு நானே தமிழ் வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், முதல் கணிதத் தாளில் தேறாமல் அரியர் வைத்தவன். இத்தனை காலத்தில் முதலாம் ஆண்டில் தடுக்கி விழுந்த எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தாயிற்று. மூளை குறைவால் விழுந்தவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டிய ஆளிடம் கேட்கக் கூச்சப்பட்டு விழுந்தவர்களே ஏராளம். ஆகவே கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி, யாரிடம் எதை எப்போது கேட்பது என்பதுதான்.

1. கிளம்புவதற்கு முன்: பெட்டிக்கு முன்னால் கோப்பு

புதுச் சட்டை எடுப்பதற்கு முன் ஒரு கோப்பை வாங்குங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம், ஒரு டஜன் பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்துவிட்டால், கைப்பேசி தொலைந்தாலும் கவலையில்லை. மாற்றுச் சான்றிதழ் கல்லூரியிலேயே இருந்துவிடும். மதிப்பெண் சான்றிதழ்களின் அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பதே ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. யாராவது வாங்கி வைத்துக்கொண்டால் ரசீதாவது கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கடிக்கப்போவதில்லை.

குடும்பத்தில் உங்களுக்கு முன் பட்டதாரி யாரும் இல்லையென்றால், முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையம் வழியாக வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு மூலம் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. ஆண்களுக்கு அதேபோன்ற தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். இந்த இணைப்பு இல்லாமல் மாதக்கணக்கில் பணம் வராமல், வராதது ஏன் என்று யாரிடமும் கேட்காமலும் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படியும் உங்களிடம் ஒரு தொகை கேட்டால், அது எந்தத் தலைப்பில் என்று ரசீதோடு கேளுங்கள்.

பெட்டி விஷயம் சுருக்கமாக: இரண்டு பூட்டு, வாளி, கொடிக்கயிறு, தட்டு, டம்ளர், போர்வை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், காய்ச்சல் மாத்திரை. அம்மா இட்லிப் பொடி தருகிறேன் என்றால் கூச்சப்பட்டு மறுத்துவிடாதீர்கள். விடுதியில் முதல் நட்பு பெரும்பாலும் அந்த பாட்டிலைச் சுற்றித்தான் உண்டாகிறது. மடிக்கணினி முதல் மாதமே தேவையில்லை. எந்தப் பாடத்துக்கு எது வேண்டும் என்று தெரிந்த பிறகு, இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டுவிட்டு வாங்கினால் கடன் வாங்கிய பணம் வீணாகாது.

2. முதல் வாரம்: கவுண்டரில் ஒரு பயிற்சி

கல்லூரிக்குள் நான்கு இடங்களை முதல் வாரத்திலேயே நேரில் போய்ப் பாருங்கள்: அலுவலகக் கவுண்டர், உங்கள் வகுப்பு ஆலோசகரின் இருக்கை, நூலகம், மருத்துவ அறை. பிறகு ஒரு போனஃபைட் சான்றிதழுக்கு, அதாவது நீங்கள் இந்தக் கல்லூரியில்தான் படிக்கிறீர்கள் என்பதற்கான சான்றுக்கு, விண்ணப்பியுங்கள். கல்வி உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் எப்படியும் அது தேவைப்படும்.

இதை ஒரு பயிற்சி என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் கவுண்டருக்கு முன்னால் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். ஒரு மாணவி பத்து நிமிடமாகக் கதவோரம் நிற்பாள். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேர் வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர் நிமிர்ந்து, "என்னம்மா வேண்டும்?" என்றதும் அவள் கையில் உள்ள தாளை நீட்டுவாள், வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. "எச்.ஓ.டி. கையெழுத்து எங்கே?" என்று, துறைத் தலைவரின் கையெழுத்தைக் கேட்டு, அவர் திருப்பித் தருவார். அவள் போய்விடுவாள், அன்றைக்கு மீண்டும் வரமாட்டாள். யார் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்ற ஒரு கேள்வியை முன்னால் கேட்டிருந்தால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

கவுண்டருக்குப் போவதற்கு முன் நான்கு வாக்கியங்களை மனதில் தயார் செய்துகொள்ளுங்கள்: நான் யார், எந்தத் துறை, எனக்கு என்ன வேண்டும், அதற்கு நான் என்ன தர வேண்டும். தமிழிலேயே கேளுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்களும் தமிழர்கள்தான். கடைசியாக, "எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்?" என்பதையும் கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைப் பத்தில் எட்டுப் பேர் கேட்பதில்லை என்பது என் கணக்கு.

3. ராகிங்: இதில் விளையாட்டு கிடையாது

"சும்மா பேர் கேட்டார்கள்" என்பதில் தொடங்கி எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. 1996-இல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவ மாணவர் மூத்த மாணவனால் கொல்லப்பட்ட பிறகே, 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருந்தே ஆக வேண்டும். இருபத்து நான்கு மணி நேர இலவச எண் 1800-180-5522. இப்போதே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள்.

மூத்த மாணவர்களோடு பழகவே கூடாது என்பது இதன் பொருளன்று. மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஆசிரியர் எப்படிக் கேள்வி கேட்பார் என்று சொல்லித் தருபவரும் மூத்த மாணவர்தான். வேறுபாடு எளிது. உங்களுக்கு மறுக்க உரிமை இருந்தால் அது பழக்கம், மறுத்தால் விபரீதம் என்ற பயம் இருந்தால் அது ராகிங். அன்றிரவே காப்பாளரிடம் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

4. வகுப்பறை: ஆங்கிலம் என்ற சுவரில் கதவு வைப்பது

நான் அதிகம் சொல்ல வேண்டிய இடம் இதுதான். தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு முதல் மாதம் நிகழ்வது ஒன்றுண்டு. ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும், ஆனால் வரிசையாக ஒட்டாது. பாடம் கடினம் என்று மனம் முடிவு கட்டிவிடும். உண்மையில் பாடத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதன் புதுப் பெயர்தான் தெரியாது.

கணிதத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத்துக்கு ஐந்து அலகுகள். மேட்ரிக்ஸ் என்று ஆசிரியர் சொல்வது நீங்கள் படித்த அணி. டிட்டர்மினன்ட் என்பது அணிக்கோவை. டெரிவேட்டிவ் என்பது வகைக்கெழு. பார்ஷியல் டெரிவேட்டிவ் என்பது பகுதி வகைக்கெழு. இன்டெக்ரேஷன் என்பது தொகையிடல். இவையெல்லாம் உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. ஐகன் மதிப்பும் கேய்லி-ஹாமில்டன் தேற்றமும் இரட்டைத் தொகையிடலும்தான் பெரும்பாலும் புதியவை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை இரண்டு மொழிகளிலும் எடுத்து, ஒரே அத்தியாயத்தைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள். நூறு பக்க நோட்டு ஒன்றில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல், அதன் கீழே ஒரு சிறு கணக்கு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் அதேபோல். நாளுக்குப் பத்துச் சொல் போதும். ஆறு வாரத்தில் நானூறு சொல் சேரும், அதற்குமேல் முதல் செமஸ்டருக்குத் தேவைப்படாது. இந்த நோட்டைக் கடைசிவரை வைத்திருந்த மாணவி ஒருத்தி இரண்டாம் ஆண்டில் அதைத் தன் பக்கத்து அறைப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டாள், ஓர் இரவுக்கு ஒரு சமோசா என்று.

அடுத்தது, கேட்பது. வகுப்பில் எழுந்து முழு ஆங்கில வாக்கியம் பேச வேண்டும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. தேவையே இல்லை. "சார், மூன்றாவது வரி" என்றால் போதும். ஆசிரியருக்குப் புரிந்துவிடும். அதற்கும் தைரியம் வரவில்லையென்றால் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு வாருங்கள். வரும்போது நோட்டோடு வாருங்கள், எந்த வரிவரை புரிந்ததோ அந்த வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். "ஒன்றுமே புரியவில்லை சார்" என்று வருபவனுக்கு எங்கே தொடங்குவது என்று எனக்கே தெரியாது. "இதுவரை புரிகிறது, இங்கே இந்த மைனஸ் எப்படி வந்தது?" என்று வருபவனுக்கு இரண்டு நிமிடம் போதும். சில ஆசிரியர்கள் சிடுசிடுப்பார்கள், மறுப்பதற்கில்லை. அவரிடம் கிடைக்காவிட்டால் அதே பாடத்தை அடுத்த பிரிவுக்கு எடுப்பவரிடம் போங்கள்.

ஆங்கிலம் பேசினால் சிரிப்பார்களா? சிரிப்பார்கள். இரண்டு வாரம் சிரிப்பார்கள், பிறகு அவர்களுக்கே சலித்துவிடும். தினமும் பத்து நிமிடம் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன, வேண்டிய இடத்தில் நிறுத்திக் கேட்கலாம். நேரில் ஆசிரியரை நிறுத்தக் கூச்சப்படுபவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

5. மதிப்பெண் கணக்கை முதல் மாதமே தெரிந்துகொள்ளுங்கள்

விளையாட்டின் விதி தெரியாமல் ஆடுவதுபோல்தான் பலர் ஒரு செமஸ்டரை ஓட்டுகிறார்கள். 2021 ஒழுங்குமுறையில் இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துப் பாடங்களுக்கு உள் மதிப்பெண் (இன்டர்னல்) 40, செமஸ்டர் தேர்வு 60. தேற மொத்தம் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதமாவது வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளிலும் புதிய ஒழுங்குமுறைகளிலும் இது மாறும். உங்கள் ஒழுங்குமுறைப் புத்தகத்தை வாங்கி அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள்.

இப்போது கணக்கு. உள் மதிப்பெண்ணில் 40-க்கு 12 வாங்கியவன், மீதி 38-ஐ அறுபதுக்குள் தேட வேண்டும். அதாவது செமஸ்டர் தேர்வில் நூற்றுக்கு 64. உள் மதிப்பெண் 32 வாங்கியவளுக்கோ 45 எடுத்தாலே போதும். இருவரும் ஒரே தேர்வறையில், ஒரே கேள்வித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஒருவர் தோளில் மூட்டை. அந்த மூட்டை ஆறாவது வாரத்தில், முதல் இன்டர்னலில் கட்டப்பட்டது. "இன்டர்னல்தானே, செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் மூத்த மாணவரிடம் அவர் எத்தனை அரியர் வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து கிரெடிட், அதாவது சராசரியில் ஒரு பாடத்துக்கு உள்ள எடை. அதே பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டருக்கு மொத்தம் 22 கிரெடிட். கணிதத்துக்கு 4, தமிழர் மரபு பாடத்துக்கு 1. கணிதத்தில் ஆறு தரப்புள்ளியை எட்டாக உயர்த்தினால் உங்கள் சராசரி 0.36 ஏறும். ஒரு கிரெடிட் பாடத்தில் அதே இரண்டு புள்ளியை ஏற்றினால் 0.09 மட்டுமே. தமிழர் மரபைப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தை எதற்குத் தருவது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

வருகைப் பதிவு 75 சதவீதம். ஒரு செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், விட்டுக்கொடுக்க உங்களிடம் இருப்பது பதினெட்டு நாள். அதில் ஒரு வாரத்தைக் காய்ச்சலுக்கென்று ஒதுக்கி வையுங்கள், மழைக்காலத்தில் விடுதியில் கட்டாயம் வரும். மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, திரும்பி வந்த அன்றே வகுப்பு ஆலோசகரிடம் கொடுங்கள். செமஸ்டர் முடிவில் கொண்டுவரும் சீட்டை யாரும் நம்புவதில்லை. விளையாட்டு, போட்டி என்று போனால் அந்த நாட்களை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. படிவத்தில் போவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

6. அறை

நான்கு பேர், ஒரு மின்விசிறி. ஒருவர் விளக்கெரியாமல் தூங்கமாட்டார், ஒருவர் விளக்கெரிந்தால் தூங்கமாட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள்: எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, யார் எப்போது பெருக்குவது, கேட்காமல் எடுக்கக் கூடாதவை எவை. நான் காப்பாளர் அறையில் தீர்த்துவைத்த சண்டைகளில் பெரும்பாலானவை சோப்பிலும் சார்ஜரிலும் தொடங்கியவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். ஊர் பெயர் சொன்னதும், "ஊரில் எந்தத் தெரு?" என்பார்கள். சாதியை நேரடியாகக் கேட்கக் கூசுபவர்கள் சுற்றி வளைத்துக் கேட்கும் வழி அது. உங்களுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் "ஏன் கேட்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். கேட்டவன்தான் தடுமாறுவான். உங்கள் சாதிப் பெயரைச் சொல்லி "நம்ம பசங்க" என்று ஒரு கூட்டம் அணைக்க வந்தாலும் விலகியே இருங்கள். அந்தக் கூட்டம் முதலில் சாப்பாடு வாங்கித் தரும், மூன்றாவது மாதம் அடிதடிக்கு ஆள் கேட்கும். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அது குற்றம், தயங்காமல் புகார் செய்யுங்கள்.

பெண்கள் விடுதியில் வாயில் ஆறு மணிக்கே மூடப்படுவதும், ஆண்கள் விடுதியில் ஒன்பது மணிவரை திறந்திருப்பதும் பல கல்லூரிகளில் நடப்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நூலகம் எட்டு மணிவரை இருந்தால், அதுவரை அங்கே இருக்க அனுமதி வேண்டும் என்று பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுங்கள். தனியாக ஒருத்தி வாயால் கேட்பதற்கும், பத்துப் பேர் தாளில் கேட்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு.

7. வீட்டு நினைவு

ஞாயிறு மாலை பஸ்ஸில் அப்பாவை ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும் அந்தத் தூரம்தான் மிக நீளமானது. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், பையன்களும்தான். பெரும்பாலானவர்களுக்கு மூன்று, நான்கு வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு ஓடுபவர்களுக்கு அது அடங்குவதே இல்லை, புண்ணை ஆறவிடாமல் சொறிவதுபோல. முதல் மாதம் ஒருமுறை போய் வாருங்கள், போதும். வீட்டுக்குப் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்பதுபோல. நாளுக்கு ஐந்து முறை பேசினால் அம்மாவுக்கும் கவலை கூடும், உங்களுக்கும் கூடும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து வகுப்புக்குப் போக முடியவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதை வீட்டு நினைவு என்று தள்ளிவிடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள். பக்கத்து அறைத் தோழன் அப்படி இருந்தால், "ஏன்டா ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று முதலில் கேட்பவர் நீங்களாக இருங்கள். அவன் தானாக வந்து சொல்லமாட்டான்.

8. பணம்

மாதத்துக்கு எவ்வளவு வருகிறதோ அதில் மெஸ் பில்லை முதல் தேதியே எடுத்து வையுங்கள். மீதியை நான்காகப் பிரித்தால் அது வாரச் செலவு. கைப்பேசியில் பணம் அனுப்பும் வசதி வந்த பிறகு, இருபது ரூபாயாகப் போவது கண்ணுக்கே தெரிவதில்லை. இரவில் ஒரு சிறு நோட்டில் எழுதிப் பாருங்கள். டீக்கடைக் கணக்கே மெஸ் பில்லை எட்டியிருக்கும்.

இரண்டு பொறிகள் விடுதிக்குள்ளேயே வரும். ஒன்று, உடனடிக் கடன் செயலி. உங்கள் தொடர்பு எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தவறினால் உங்கள் மாமாவுக்கும் பேராசிரியருக்கும் அசிங்கமாகச் செய்தி அனுப்பும். இன்னொன்று இன்னும் மோசம்: "உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, இரண்டாயிரம் உனக்கு" என்று யாராவது சொல்வார்கள். யாரோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் அது. உங்கள் கணக்கு முடக்கப்படும், போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, அன்றே வங்கிக்கும் போங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. வேறு பெயரில் வந்தாலும் தொடாதீர்கள்.

கைக்குப் பணம் போதவில்லையென்றால் வெட்கப்படாமல் வகுப்பு ஆலோசகரிடம் சொல்லுங்கள். முன்னாள் மாணவர் உதவி, அறக்கட்டளை உதவி என்று கல்லூரிக்குக் கல்லூரி ஏதேனும் ஒன்று இருக்கும். அறிவிப்புப் பலகையில் அது வருவதில்லை, கேட்பவர்களுக்கே தெரிகிறது.

9. பாடத்துக்கு வெளியே ஒன்று

ஒன்றே ஒன்று. ஐந்து மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் போகாமல் இருப்பதைவிட, ஒன்றில் ஓர் ஆண்டு நிலைத்திருங்கள். கூட்டத்தில் பேசப் பயமிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நாட்டு நலப்பணித் திட்டம். ஏழு நாள் கிராம முகாம் ஒன்று இருக்கும். பேச்சுப் போட்டி மேடையில் வராத சொல், ஒரு பாட்டியிடம் ரேஷன் கார்டு விவரம் கேட்டு எழுதும்போது வந்துவிடும். தமிழ் மன்றம், புகைப்படக் குழு, கபடி, எதுவானாலும் சரி. நூலகத்தை மறக்காதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் குளிர்ச்சியான படிக்கும் கூடத்தோடு காத்திருக்கின்றன.

காதல் பற்றி என் கருத்தைக் கேட்பவர்கள் உண்டு. கணித ஆசிரியனிடம் கேட்க வேண்டியதா அது? ஒன்று மட்டும்: ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்குப் பிறகு பின்தொடர்வது காதல் கணக்கில் வராது.

10. ரிசல்ட் வந்த அன்று

அரியர் விழுந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். கடைசித் தேதி சில நாளில் முடிந்துவிடும். நகலை எடுத்துக்கொண்டு அந்தப் பாட ஆசிரியரிடம் போய், மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பணத்தை வீணாக்காதீர்கள். அடுத்த செமஸ்டர் தேர்விலேயே அந்தத் தாளை எழுதிவிடுங்கள். வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் நிலுவை அரியர் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. எட்டு மாதம் மறைத்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா எதிரில் நிமிர்ந்து சாப்பிட்டதில்லை. கடைசியில் பஸ் நிலையத்தில், வண்டி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் எதிரே நின்ற பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறுபடி எழுத விடுவார்களா?" என்றார். "விடுவார்கள்" என்றேன். "அதற்குப் பணம் கட்ட வேண்டுமா?" "வேண்டும்." பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அவர் திட்டுவார் என்று எட்டு மாதம் நான் தூங்காமல் இருந்தது தண்டம். மூன்றாவது முறை எழுதித் தேறினேன்.

2021 பாடத்திட்டத்தில் இரண்டாம் செமஸ்டரில் பொறியியல் வரைபடம் வரும். மினி டிராஃப்டர் வேண்டும், வரைபலகை வேண்டும் என்று பட்டியல் தருவார்கள். கடைக்கு ஓடாதீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போவதற்கு முன், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரின் அறைக் கதவைத் தட்டி, "அண்ணா, உங்கள் டிராஃப்டரை யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். கட்டிலுக்கு அடியில், தூசி படிந்த உறைக்குள், ஒரு திருகு தளர்ந்த நிலையில் கிடக்கும்.